உடலுக்குள் திசை சொல்வது எப்படி? உடற்கூறியல், விலங்கியல் திசைச் சொற்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஒரு நாய் நான்கு கால்களில் நிற்கிறது. அதன் இதயம் முதுகெலும்புக்குக் கீழே இருக்கிறது. அதே நாய் மல்லாந்து படுத்தால் இதயம் முதுகெலும்புக்கு மேலே வந்துவிடுகிறது. பின்னங்கால்களில் எழுந்து நின்றால் முதுகெலும்புக்கு முன்னால். உள்ளே எந்த உறுப்பும் நகரவே இல்லை. நாம் சொன்ன சொல் மட்டும் மூன்று முறை மாறிவிட்டது.

மேலே, கீழே, முன்னே, பின்னே என்று அன்றாடம் பேசுவது தரையையும் பார்ப்பவரையும் வைத்து. உடற்கூறியலுக்கு இது போதாது. அங்கே திசையை உடலே சொல்ல வேண்டும்: தலை எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம், முதுகு எது, வயிறு எது. இது மனதில் பதிந்துவிட்டால் மருத்துவம், செவிலியம், பிசியோதெரபி, கால்நடை மருத்துவம், விலங்கியல் எதைப் படிப்பவரும் மீதியைத் தானாகவே கட்டிக்கொள்ளலாம். சொற்களை ஜோடி ஜோடியாக நெட்டுருப் போட்டவர்கள் நோயாளி குப்புறப் படுத்ததுமே தடுமாறுவார்கள். அதனால் இங்கே மனப்பாடப் பட்டியலோடு தொடங்கவில்லை. படிகளை வரிசையாகவே படியுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் மேல் நிற்கிறது.

படி 1: முதலில் உடலை நிறுத்துங்கள்

மனித உடலுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு நிலை உண்டு. அதற்கு உடற்கூற்று நிலை என்று பெயர். நேராக நிற்க வேண்டும். முகமும் கண்களும் நேர் முன்னே. பாதங்கள் சேர்ந்து, விரல்கள் முன்னோக்கி. கைகள் உடலை ஒட்டித் தொங்க, உள்ளங்கைகள் முன்னால் பார்த்தபடி, கட்டைவிரல்கள் வெளிப்பக்கமாக.

உள்ளங்கையை முன்னால் திருப்புவது மட்டும் செயற்கையாகத் தோன்றும். இயல்பாக நின்றால் உள்ளங்கை தொடையைத்தான் பார்க்கும். ஆனால் முன்னால் திருப்பும்போதுதான் முன்கையின் இரண்டு எலும்புகளான ரேடியஸும் அல்னாவும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றன. பின்னால் திருப்பினால் ரேடியஸ் அல்னாவின் குறுக்கே ஏறிவிடும். அப்புறம் முன்கையில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று கேட்டால் மேல்பாதிக்கு ஒரு பதில், கீழ்பாதிக்கு இன்னொரு பதில் வரும். அந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

நோயாளி கட்டிலில் படுத்திருக்கலாம், காலை மடக்கி உட்கார்ந்திருக்கலாம், சக்கர நாற்காலியில் சாய்ந்திருக்கலாம். திசை சொல்லும்போது அவர் உடற்கூற்று நிலையில் நிற்பதாகவே வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். கையைத் தலைக்கு மேலே தூக்கியிருப்பவருக்கும் மணிக்கட்டு முழங்கைக்குக் கீழேதான்.

இடம், வலம் இரண்டும் அந்த உடலுக்குச் சொந்தமானவை. எதிரே நின்று பார்க்கும்போது அவருடைய வலது கை உங்கள் இடப்பக்கம் தெரியும். கேட்கச் சுலபமாக இருக்கிறது, ஆனால் இதில் தவறினால் விளைவு பெரிது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்த அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே அறுவை செய்யும் இடம் உடலில் குறியிடப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் வரி ஒன்று இருக்கிறது. அது சம்பிரதாயத்துக்காக வைத்த வரி இல்லை.

விலங்குகளுக்கு? நான்கு காலில் இயல்பாக நிற்கும் நிலை. அதற்கு மேல் கைகால்களைத் திருப்பும் நிபந்தனை எதுவும் வேண்டியதில்லை.

படி 2: தலை–வால், முதுகு–வயிறு

பெரும்பாலான பாடநூல்கள் மனிதனிலிருந்து தொடங்கும். நான் விலங்கிலிருந்து தொடங்கச் சொல்வேன். காரணம் எளிது: விலங்கியலின் நான்கு சொற்களும் உடலை விட்டு வெளியே போவதே இல்லை.

தலையை நோக்கிய திசை கிரேனியல், அதாவது தலைப்புறம். வாலை நோக்கியது காடல், வால்புறம். முதுகை நோக்கியது டார்சல், முதுகுப்புறம். வயிற்றை நோக்கியது வென்ட்ரல், வயிற்றுப்புறம். நாய் நின்றாலும் படுத்தாலும் குட்டிக்கரணம் போட்டாலும் இதயம் முதுகெலும்புக்கு வயிற்றுப்புறத்திலேயே இருக்கும்.

இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. தலைகீழ்க் கெளுத்தி என்ற ஆப்பிரிக்க நன்னீர் மீன் பெரும்பாலும் மல்லாந்தே நீந்துகிறது. பெரும்பாலான மீன்களுக்கு முதுகு கறுத்தும் வயிறு வெளுத்தும் இருக்கும். இதற்கு வயிறு கறுத்திருக்கிறது, ஏனென்றால் மேலே பார்த்திருப்பது வயிறுதான். ஆனாலும் அந்தக் கறுத்த பக்கத்தை வென்ட்ரல் என்றே எழுதுகிறோம். கிளையில் தொங்கும் ஸ்லாத்துக்கும், மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சியான நோட்டோனெக்டாவுக்கும் இதே விதிதான்.

சரி, மனிதனுக்கு வருவோம். மனிதன் நிமிர்ந்துவிட்டான். அதனால் முதுகு பின்னால் போயிற்று, வயிறு முன்னால் வந்தது. மனித உடற்கூறியலில் சுப்பீரியர் என்றால் மேல்புறம், இன்ஃபீரியர் என்றால் கீழ்ப்புறம், ஆன்டீரியர் முன்புறம், போஸ்டீரியர் பின்புறம். உடலின் நடுப்பகுதியில் விலங்கின் தலைப்புறம் மனிதனின் மேல்புறம். விலங்கின் வால்புறம் மனிதனின் கீழ்ப்புறம். முதுகுப்புறம் பின்புறமாகிறது, வயிற்றுப்புறம் முன்புறமாகிறது.

சிக்கல் எங்கே என்றால், ஆன்டீரியர் என்ற சொல்லை விலங்கியலாளர்கள் தலைமுனைக்கும் பயன்படுத்துகிறார்கள். மண்புழுவின் ஆன்டீரியர் முனை என்றால் வாய் இருக்கும் முனை. மனிதனின் ஆன்டீரியர் பக்கம் என்றால் மார்பும் வயிறும் இருக்கும் பக்கம். ஒரே சொல், இரண்டு அச்சு. இதனால்தான் கால்நடை மருத்துவர்கள் அந்தச் சொல்லைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார்கள். மனிதனின் முழங்காலில் ஆன்டீரியர் குருசியேட் தசைநார் என்று சொல்வது நாயில் கிரேனியல் குருசியேட் தசைநார். மனிதனில் மேற்பெருஞ்சிரை எனப்படுவது நாயிலும் மாட்டிலும் தலைப்புறப் பெருஞ்சிரை. கண்ணிலும் தலையின் சில பகுதிகளிலும் மட்டும் பழைய சொற்களை விட்டுவைத்தார்கள். கண்ணின் முன்னறை விலங்கிலும் முன்னறைதான்.

இதற்கு ஒரு சுவையான வரலாறும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் ஒரே உறுப்புக்குப் பல பெயர்கள் புழங்கியதால், 1895-இல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் உடற்கூறியலாளர்கள் கூடி அவற்றைச் சுமார் 5,000 பெயர்களாகச் சுருக்கினார்கள். அந்தப் பட்டியல் நிமிர்ந்து நிற்கும் மனிதனை அடிப்படையாகக் கொண்டது. 1930-களின் நடுவில் ஜெர்மனியின் யேனா நகரில் உருவான பட்டியல் இதை மாற்றப் பார்த்தது: மனிதனுக்கும் நாற்கால் விலங்குகளுக்கும் பொருந்தும்படி தலைப்புறம், வால்புறம், முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்றே எழுதலாம் என்றது. 1955-இல் பாரிஸில் ஏற்ற பட்டியல் பேசல் வழிக்கே திரும்பிவிட்டது. கால்நடை உடற்கூறியலுக்குத் தனிப் பட்டியல் 1968-இல் வந்தது. யேனா வழி நிலைத்திருந்தால் இன்றைய மாணவர்களின் தலைவலியில் பாதி குறைந்திருக்கும் என்பது என் கருத்து. மனிதனையும் விலங்கையும் ஒப்பிட்டுப் படிப்பவர்களுக்கு அதுவே நேர்வழி.

படி 3: நடுக்கோடும் பக்கமும்

உடலை இடம், வலம் என இரண்டாகப் பிரிக்கும் நடுக்கோட்டை மனதில் வரையுங்கள். அதை நோக்கியது மீடியல், உள்பக்கம். அதை விட்டு விலகுவது லேட்டரல், வெளிப்பக்கம். மூக்கு கண்ணுக்கு மீடியல். காது கண்ணுக்கு லேட்டரல்.

இங்கே கவனிக்க வேண்டியது, திசைச் சொல் எப்போதும் இரண்டு பொருள்களுக்கு இடையிலான உறவு. கண் லேட்டரலா என்று தனியாகக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. எதற்கு லேட்டரல் என்று கேட்க வேண்டும். விடைத்தாளில் பாதி மதிப்பெண் போவது இந்த இரண்டாவது பொருளை எழுதாமல் விடுவதால்தான்.

கையில் கட்டைவிரல் லேட்டரல், சுண்டுவிரல் மீடியல். ஆனால் கை எந்நேரமும் சுழன்றுகொண்டே இருக்கும் உறுப்பு. அதனால் கையைப் பற்றி எழுதுகிறவர்கள் எலும்பின் பெயரையே திசையாக்கிக்கொண்டார்கள்: கட்டைவிரல் பக்கம் ரேடியல், சுண்டுவிரல் பக்கம் அல்னார். கையை எப்படித் திருப்பினாலும் இது மாறாது. காலில் கட்டைவிரல் பக்கம் டிபியல், சுண்டுவிரல் பக்கம் ஃபிபுலார்.

நடுக்கோட்டோடு இன்னும் ஒரு ஜோடி வருகிறது. ஒரே பக்கத்தில் இருப்பது இப்ஸிலேட்டரல், எதிர்ப்பக்கத்தில் இருப்பது கான்ட்ராலேட்டரல். பெருமூளையின் இடப்பக்கத்தில் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் வலது கையும் காலும் செயலிழக்கும், ஏனென்றால் இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி முகுளத்தின் கீழ்ப்பகுதியில் எதிர்ப்பக்கத்துக்குக் கடக்கிறது. சிறுமூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டாலோ தடுமாற்றம் அதே இடப்பக்கத்துக் கைகாலில்தான் தெரியும். பாதிப்பு எங்கே என்று நரம்பியல் மருத்துவர் ஊகிப்பதற்கு இந்த ஒரு ஜோடிச் சொல் எவ்வளவு உதவுகிறது பாருங்கள்.

உறுப்புகளின் பெயரில் உள்ள இடம், வலம் என்ற அடைமொழியை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். இதயம் சாய்ந்தும் திரும்பியும் உட்கார்ந்திருக்கிறது. மார்பெலும்பை ஒட்டி முன்னால் பெரும்பாலும் இருப்பது வலது கீழறை. இடது மேலறை ஏறத்தாழ முழுக்கப் பின்பக்கம், உணவுக்குழாய்க்கு நேர் முன்னால். இடது மேலறை வீங்கினால் விழுங்குவதில் சிரமம் வரக்கூடும் என்பதும், உணவுக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி எடுக்கும் எக்கோவில் அந்த அறை தெளிவாகத் தெரிவதும் இந்த அமைப்பால்தான்.

படி 4: கையும் காலும்

கைகால்களுக்கு மேல், கீழ் என்று சொல்வதைவிட, உடலோடு ஒட்டும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்வது துல்லியம். ஒட்டும் இடத்துக்கு அருகில் இருப்பது பிராக்ஸிமல், அண்மைப்புறம். தொலைவில் இருப்பது டிஸ்டல், சேய்மைப்புறம். முழங்கை தோளுக்கு டிஸ்டல், மணிக்கட்டுக்குப் பிராக்ஸிமல்.

தொடக்கமும் முடிவும் உள்ள எந்தக் குழாய்க்கும் இதே ஜோடி செல்லும். ரத்தக்குழாயில் அது கிளம்பும் இடத்துப் பக்கம் பிராக்ஸிமல். சிறுநீரகத்தின் நுண்வடிகுழலான நெஃப்ரானில் போமன் கிண்ணத்தை ஒட்டிய சுருள்குழல் பிராக்ஸிமல், சேகரிப்புக் குழாயை நோக்கிய சுருள்குழல் டிஸ்டல். அங்கே உடலின் நடுக்கோட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பூச்சியின் சிறகில் மார்போடு சேரும் பக்கம் அடி, எதிர்முனை நுனி. அதுவும் இதே யோசனைதான்.

கையின் உள்ளங்கைப் பக்கம் பாமர், புறங்கைப் பக்கம் டார்சல். பாதத்தில் உள்ளங்கால் பிளான்டார், புறங்கால் டார்சல். இங்கே எல்லோரும் ஒரு முறை தயங்குவார்கள்: நிற்கும்போது புறங்கால் வானத்தைப் பார்க்கிறது, அது எப்படி முதுகுப்புறம்? விடை கருவில் இருக்கிறது. வளரும் கருவில் கைமொட்டும் கால்மொட்டும் பக்கவாட்டில் துடுப்புபோல முளைக்கின்றன. பிறகு கை வெளிப்பக்கமாகவும் கால் உள்பக்கமாகவும் ஏறத்தாழ 90 பாகை சுழல்கின்றன. எதிரெதிர்த் திசையில் சுழன்றதால்தான் முழங்கை பின்னால் துருத்துகிறது, முழங்கால் முன்னால் துருத்துகிறது. கையின் கட்டைவிரல் வெளிப்பக்கமும் காலின் கட்டைவிரல் உள்பக்கமும் வந்ததும் இதனால்தான். தொடையின் முன்பக்கமும் புறங்காலும் கருவில் முதுகுப்புறமாக இருந்த பரப்பிலிருந்து வந்தவை. பெயர் அந்த வரலாற்றைப் பிடித்துவைத்திருக்கிறது.

குதிரைக்கும் மாட்டுக்கும் வந்தால் மணிக்கட்டு மூட்டு ஒரு எல்லைக்கோடு. அதற்கு மேலே முன்னங்காலின் முன்பக்கம் கிரேனியல், பின்பக்கம் காடல். அந்த மூட்டிலிருந்து கீழே முன்பக்கம் டார்சல், பின்பக்கம் பாமர். பின்னங்காலில் கணுக்கால் மூட்டிலிருந்து கீழே டார்சல், பிளான்டார். குதிரை நிற்பது ஒவ்வொரு காலிலும் மூன்றாம் விரலின் நுனியில். அதனால் அதன் முழங்கால் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கும் முன்னங்கால் மூட்டு உண்மையில் மணிக்கட்டு. மாட்டின் பிளந்த குளம்பில் இரண்டு விரல்களும் ஒன்றையொன்று பார்க்கும் பக்கம் ஆக்ஸியல், வெளியே பார்க்கும் பக்கம் அபாக்ஸியல். குளம்புப் புண்ணைக் குறித்துவைக்கும்போது மீடியல், லேட்டரல் மட்டும் எழுதினால் எந்த விரலின் எந்தப் பக்கம் என்று தெரியாது.

படி 5: ஆழம்

இது சிறிய படி. தோலுக்கு அருகே இருப்பது மேலோட்டம், உள்ளே போகப் போக ஆழம். விலா எலும்பு நுரையீரலைவிட மேலோட்டம், மார்புத் தோலைவிட ஆழம். பார்ப்பவர் முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் இது மாறாது. முதுகுப் பக்கமிருந்து போனாலும் தோலிலிருந்துதான் அளவு தொடங்குகிறது. உறுப்பை ஒட்டிய சவ்வு விசரல், குழிச்சுவரை ஒட்டிய சவ்வு பரைட்டல் என்பதையும் இதோடு சேர்த்து நினைவில் வையுங்கள். நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் இவை அடிக்கடி வரும்.

படி 6: வெட்டுத் தளங்கள்

உடலை இடம், வலமாகப் பிரிக்கும் தளம் சஜிட்டல். அது சரியாக நடுவில் போனால் மீடியன். முன், பின்னாகப் பிரிப்பது கரோனல். மேல், கீழாகப் பிரிப்பது டிரான்ஸ்வெர்ஸ். ஸ்கேன் அறையில் இதையே ஆக்ஸியல் என்பார்கள்.

நாயில் டிரான்ஸ்வெர்ஸ் தளம் தரைக்குச் செங்குத்தாக நிற்கும், ஏனென்றால் அது உடலின் நீள அச்சுக்குக் குறுக்கே போக வேண்டும், நீள அச்சோ தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது. மனிதனின் கரோனல் தளத்துக்கு இணையான தளம் நாயில் முதுகுக்கு இணையாகப் போகும். கால்நடை நூல்கள் அதை டார்சல் தளம் என்கின்றன.

சி.டி., எம்.ஆர்.ஐ. படம் பார்க்கப் போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக்ஸியல் படத்தை, மல்லாந்து படுத்த நோயாளியின் பாதத்தருகே நின்று தலையை நோக்கிப் பார்ப்பதாக வைத்துத்தான் காட்டுகிறார்கள். ஆகவே நோயாளியின் வலப்பக்கம் திரையின் இடப்பக்கம் வரும். கல்லீரல் திரையில் இடப்பக்கம் தெரிந்தால் படம் சரி. அது வலப்பக்கம் தெரிந்தால் முதலில் படத்தின் ஓரத்தில் உள்ள இட-வலக் குறியைச் சரிபாருங்கள். குறி சரியாக இருந்தால், உள்ளுறுப்புகள் முழுவதும் கண்ணாடி பிம்பம்போல இடம் மாறியிருக்கும் அரிய பிறவி அமைப்பாக இருக்கலாம். சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு அப்படி இருக்கிறது.

எக்ஸ்ரே படத்தின் பெயரில் கதிர் நுழையும் பக்கம் முதலிலும் வெளியேறும் பக்கம் பிறகும் வரும். மார்பு எக்ஸ்ரேவை முடிந்தவரை போஸ்டீரோ-ஆன்டீரியராக, அதாவது பின்னாலிருந்து முன்னாக எடுக்கிறார்கள். இதயம் முன்பக்கத்துக்கு அருகில் இருப்பதால் படத்தட்டை ஒட்டி நின்று நிழல் அதிகம் பெரிதாகாது. படுக்கையை விட்டு எழ முடியாதவருக்கு முன்னாலிருந்து பின்னாக எடுக்கும்போது இதயம் உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். திசையைப் பார்க்காமல் படத்தைப் படித்தால் இல்லாத இதய வீக்கத்தை இருப்பதாகச் சொல்லிவிடுவோம்.

படி 7: மூளைக்குள் அச்சு வளைகிறது

தலைக்குள் போனதும் தலைப்புறம் என்ற சொல் பயனற்றதாகிவிடும். தலையிலேயே இருந்துகொண்டு தலையை நோக்கி என்றால் எங்கே போவது? அதனால் மூக்குமுனையை நோக்கிய திசைக்கு ராஸ்ட்ரல் என்று வைத்தார்கள்.

பல்லியிலும் எலியிலும் தண்டுவடமும் மூளையும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் கிடக்கின்றன. மனிதனில் தண்டுவடம் செங்குத்தாக மேலே வருகிறது, ஆனால் முகம் முன்னால் பார்க்கிறது. ஆகவே நடுமூளைக்கு அருகில் அச்சு ஏறத்தாழச் செங்கோணமாக முன்னோக்கி வளைகிறது. இதன் விளைவைப் பாருங்கள். தண்டுவடத்தில் டார்சல் என்றால் முதுகுப் பக்கம், பின்புறம். பெருமூளையில் டார்சல் என்றால் உச்சந்தலைப் பக்கம், மேல்புறம். மூளைத்தண்டில் ராஸ்ட்ரல் என்றால் மேலே. பெருமூளையில் ராஸ்ட்ரல் என்றால் நெற்றியை நோக்கி முன்னே.

நரம்பியல் கட்டுரை படிக்கும்போது இதை மறந்தால் ஒரு பத்திகூடப் புரியாது. ஒரு தாளில் தண்டுவடத்தை நெடுக்காக வரைந்து, மேலே போய் முன்னோக்கி வளைத்துவிடுங்கள். வளைவின் வெளிப்பக்க விளிம்பு முழுவதும் டார்சல், உள்பக்க விளிம்பு முழுவதும் வென்ட்ரல் என்று எழுதுங்கள். சொல் மாறவில்லை, அச்சுதான் வளைகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

பல் மருத்துவத்திலும் இதேபோல் ஒரு வளைவு இருக்கிறது: தாடையின் வில். அந்த வில்லின் வழியே நடுக்கோட்டை நோக்கிய பக்கம் மீசியல், விலகிய பக்கம் டிஸ்டல். நாக்குப் பக்கம் லிங்குவல், கன்னப் பக்கம் பக்கல், உதட்டுப் பக்கம் லேபியல்.

படி 8: எல்லா உடலும் நம்மைப் போல இல்லை

எந்த உயிரினமானாலும் முதலில் வாயையும் முதுகையும் தேடுங்கள். மண்புழுவில் இரண்டு முனையும் ஒன்றுபோலத் தோன்றும். லாம்பிட்டோ மண்புழுவில் 14 முதல் 17 வரையான கண்டங்களில் தடித்த பட்டைபோலக் கிளைடெல்லம் இருக்கிறது. அது எந்த முனைக்கு அருகிலோ அதுதான் தலைமுனை. முதுகுப்பக்கத்தில் ரத்தக்குழாய் ஒரு கருங்கோடாகத் தெரியும்.

தட்டையான மீன்கள் இரண்டு வகையாக ஏமாற்றும். திருக்கை மேலிருந்து கீழாகத் தட்டையானது. கண்கள் முதுகுப்பக்கம், வாயும் செவுள் பிளவுகளும் வயிற்றுப்பக்கம். மணலில் கிடக்கும்போது மேலே தெரிவது உண்மையிலேயே முதுகு. நாக்கு மீன் அப்படியில்லை. குஞ்சாக இருக்கும்போது மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். வளரும்போது ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட, மீன் ஒருக்களித்துப் படுத்துவிடுகிறது. அதன் மேலே தெரியும் பரப்பு முதுகு இல்லை, உடலின் ஒரு பக்கம். முதுகுத் துடுப்பு ஒரு விளிம்பில் ஓடுகிறது. ஆகவே அதற்குக் கண்ணுள்ள பக்கம், கண்ணில்லாப் பக்கம் என்றுதான் எழுத வேண்டும்.

பூச்சிகளிலும் இறால்களிலும் முதுகு, வயிறு தெளிவாகவே இருக்கின்றன. உள்ளே மட்டும் ஒழுங்கு நேர்மாறு. நமக்கு நரம்புத்தண்டு முதுகுப்புறம், இதயம் வயிற்றுப்புறம். கரப்பானுக்கு நரம்புத்தண்டு வயிற்றுப்புறம், 13 அறைகள் கொண்ட குழாய் இதயம் முதுகுப்புறம். 1822-இல் பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ரா சாந்திலேர், சிங்கி இறாலை மல்லாத்திப் போட்டால் அதன் உள்ளமைப்பு முதுகெலும்பியின் அமைப்போடு பொருந்துகிறது என்று காட்டினார். பெரும்பாலோர் ஏற்கவில்லை. 1990-களில் மரபணு ஆய்வுகள் வேறு கதை சொன்னன. தவளைக் கருவில் முதுகுப்புறத்தைத் தீர்மானிக்கும் கார்டின் மரபணுவின் இணை, பழ ஈயில் வயிற்றுப்புறத்தில் வேலை செய்கிறது. தவளையின் வயிற்றுப்புற மரபணுவான பி.எம்.பி. 4-இன் இணை, ஈயில் முதுகுப்புறத்தில். முதுகு, வயிறு என்ற திசைகள் வெறும் பெயர்கள் அல்ல, கருவின் வேதி அறிகுறிகளாகவே எழுதப்பட்டவை என்பது எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த செய்தி.

நட்சத்திர மீனுக்குத் தலையும் வாலும் இல்லை. வாய் உள்ள பக்கம் வாய்ப்புறம், அதற்கு எதிர் வாயெதிர்ப்புறம், அவ்வளவுதான். நீரை உள்ளிழுக்கும் சல்லடைத் தட்டு வாயெதிர்ப்புறத்தில் இருக்கிறது. ஜெல்லி மீனின் வாய்ப்புறம் கீழே பார்க்கும். கடல் சாமந்தியின் வாய்ப்புறம் மேலே பார்க்கும். மேல், கீழ் என்று எழுதியிருந்தால் இவற்றை ஒப்பிடவே முடியாது. கடல் வெள்ளரி நட்சத்திர மீனின் உறவுதான், ஆனால் ஒருக்களித்துப் படுத்துவிட்டது. அதனால் வாய் ஒரு முனைக்குப் போய், உடலுக்கு முதுகு, வயிறு என்ற வேறுபாடும் வந்துவிட்டது.

கணவாயில் இன்னும் கவனம் தேவை. மெல்லுடலிகளின் பொது அமைப்போடு ஒப்பிட்டால் அதன் கைகள் உள்ள பக்கம் வயிற்றுப்புறம், உடலின் கூர்முனை முதுகுப்புறம். நீந்தும் நிலையை வைத்துப் பார்த்தாலோ கைகள் முன்முனை, கூர்முனை பின்முனை. இரண்டு முறையும் நூல்களில் இருக்கின்றன. கட்டுரையின் தொடக்கத்திலேயே எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். அமீபாவுக்கோ நிலையான அச்சே கிடையாது. அங்கே நகரும் திசையைத்தான் சொல்ல முடியும்.

படி 9: எழுதிப் பழகுங்கள்

ஒரே சொல் போதாதபோது இரண்டைச் சேர்க்கலாம். முன்னும் பக்கமும் என்றால் ஆன்டீரோலேட்டரல். முதுகும் நடுவும் என்றால் டார்சோமீடியல். மூன்றைச் சேர்ப்பதைத் தவிருங்கள். அதைவிட இரண்டு வாக்கியமாக உடைத்தால் படிப்பவருக்கு நல்லது.

ஒரு காயத்தை இப்படி எழுதலாம்: "வலது முன்கையின் முன்புறம், மணிக்கட்டு மடிப்பிலிருந்து 4 செ.மீ. பிராக்ஸிமலாக, நடுவிலிருந்து அல்னார் பக்கமாக, 3 செ.மீ. நீளக் குறுக்குவெட்டு." இதில் பக்கம், உறுப்பு, பரப்பு, நிலையான ஓர் அடையாளத்திலிருந்து தூரம், நீளம் எல்லாம் வந்துவிட்டன. அல்னார் பக்கம் என்ற சொல்லைப் படித்தவுடனே மருத்துவர் அல்னார் நரம்பையும் தமனியையும் நினைப்பார், சுண்டுவிரலில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார். "கையில் கீழ்ப்பக்கம் வெட்டு" என்று எழுதியிருந்தால் அந்த நினைவு வந்திருக்காது.

பழக, உங்கள் உடலிலேயே பத்து ஜோடி உறுப்புகளை எடுத்து உறவைச் சொல்லிப் பாருங்கள். மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு ஆன்டீரியர். வலது சிறுநீரகம் இடதைவிடச் சற்றே இன்ஃபீரியர், மேலே கல்லீரல் இடம் பிடித்திருப்பதால். இதயம் உதரவிதானத்துக்குச் சுப்பீரியர், நுரையீரல்களுக்கு மீடியல். பிறகு அதே உறவுகளை நாய்க்கு மாற்றுங்கள்: மூச்சுக்குழாய் உணவுக்குழாய்க்கு வென்ட்ரல், இதயம் உதரவிதானத்துக்குக் கிரேனியல். மாற்றும்போது எங்கே தயங்குகிறீர்களோ அந்தப் படிக்குத் திரும்பிப் போய்ப் படியுங்கள்.

படம் வரைந்தால் மூலையில் ஒரு சிறிய சிலுவைக் கோடு போட்டு, தலைப்புறம் எது, முதுகுப்புறம் எது என்று அம்புக்குறியோடு எழுதிவிடுங்கள். மாதிரியைத் துண்டாக வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவதானால், வெட்டுவதற்கு முன்பே ஒரு முனையில் நூலோ மையோ அடையாளம் இடுங்கள். துண்டு உடலை விட்டு வந்த பிறகு அதன் மேல்புறம் எது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.